பகலில் வரும் அமுக்குவான்

அமுக்குவான் இரவில்தான் வருவான் என்று சொல்கிறவர்கள் நைட் ஷிப்ட் பார்த்தவர்களாக இருக்க முடியாது. எங்கள் வீட்டுக்கு அவன் பகலில் வந்தான். தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போகும்போது வந்தான். பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் அரைத்துக்கொண்டிருக்கும்போது வந்தான். கதவிடுக்கில் நுழைந்த வெயில் ஒரு கோடாகத் தரையில் நகர்ந்து நைனாவின் முழங்காலைத் தொடும். அதற்குள் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பான்.

நைனா ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் டிரம் ஆள். டிரம் என்றால் கொட்டுகிற மேளம் அல்ல. ஓர் அறை அளவுக்குப் பெரிய மரப் பீப்பாய். அதற்குள் தோலும் மருந்துத் தண்ணீரும் போட்டு மூடிச் சுழலவிடுவார்கள். தோல்கள் மேலே ஏறும், தொப்பென்று விழும், மறுபடி ஏறும். விடிய விடிய அந்தச் சத்தத்தோடு நின்றுவிட்டு வந்து, கேழ்வரகுக் களியைத் தின்றுவிட்டு, ஊர் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் அவர் படுப்பார். படுத்த பிறகும் அவருடைய விரல்கள் கொஞ்ச நேரம் எதையோ எண்ணிக்கொண்டிருக்கும். பிறகு அவையும் நிற்கும்.

எங்களுடையது ஒற்றை அறை வீடு. ஒரு சுவரோரம் நைனா. எதிர்ச் சுவரோரம் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் அம்மா. நடுவில், பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில், நான். அம்மாவின் கத்தரி பீடி இலையை நறுக்கும் சத்தம் மட்டும் கேட்கும். பேசக்கூடாது. ஆனால் காது எப்போதும் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். ஏனென்றால் அமுக்குவான் வந்துவிட்டான் என்பதற்கு ஒரே அடையாளம் நைனாவின் மூக்கிலிருந்து வரும் மெல்லிய ஓசை. மூடிய பாத்திரத்துக்குள் பால் பொங்கத் தொடங்குகிற மாதிரி இருக்கும் அது. கண் பாதி திறந்திருக்கும். உடம்பில் வேறெதுவும் அசையாது. அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டி அவர் காலின் கட்டைவிரலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுப்பாள். அவர் கிணற்றிலிருந்து வருகிறவர்போல் மூச்சை வாங்கிக்கொண்டு எழுவார்.

"இன்னா மாதிரி இருக்கும் நைனா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பச்சைத் தோலுடி. உப்பு போட்ட ஈரத் தோலு. ஒண்ணு மேல ஒண்ணா நெஞ்சு மேல அடுக்கிக்கினே போறான். நீ உக்காந்துகினு கீறது தெரியுது. உங்கம்மா நூலு சுத்தறது தெரியுது. கூப்பிடறேன். நான் கூப்பிடறது எனக்கே கேக்கல."

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மல்லாந்து படுக்காதே. உத்தரத்துக்கு நேர்கீழே தலை வைக்காதே. துடைப்பத்தைக் கால்மாட்டில் போடு. தலையணைக்கடியில் செருப்பு வை, தோலென்றால் அவனுக்குப் பயம். நைனா இதற்குத்தான் அதிகம் சிரிப்பார். தோலுக்கு அஞ்சுகிறவன் எப்படி இந்த ஊர் எல்லையை மிதித்தான்? ஆற்றுத் தண்ணீரே தோல் கழுவிய தண்ணீராக ஓடுகிற ஊர். காற்றுத் திரும்பினால் சோற்றில்கூடத் தோல் மணக்கும். இங்கே வந்து ஒருவன் நெஞ்சில் குடியேறுகிறான் என்றால் அவன் செருப்புக்கு மசிகிறவன் இல்லை.

நைனாவின் சிநேகிதர் ஒருவர் அதே டேனரியில் பச்சைத் தோல் தரம் பிரிக்கிறவர். சந்தையிலிருந்து லாரியில் வந்திறங்கும் தோல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, நல்லது ஒரு பக்கம் கெட்டது ஒரு பக்கம் எறிவார். எல்லோருக்கும் அவர் பாய். நைனாவுக்கு மட்டும் தோஸ்த். நைனாவும் அவருக்குத் தோஸ்த். அவர் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தார். நைனா மரியாதையாகக் குடித்தார். அமுக்குவான் அதற்கும் மரியாதை கொடுத்து ஒரு வாரம்போல வராமல் இருந்துவிட்டு, பிறகு வந்தான்.

இப்படியே போயிருந்தால் இது ஒரு வீட்டுத் தொந்தரவு, அவ்வளவுதான். பல் வலி போல, ஒழுகுகிற கூரை போல. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் நைனா பகல் ஷிப்டுக்குப் போனார். யாரோ வரவில்லை என்று இரவு வேலையோடு சேர்த்துப் பகலையும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத்தான் அந்தத் தொந்தரவு பயமாக மாறியது.

அன்று சாயங்காலம் பாய்தான் அவரைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். நைனாவின் இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பேசியது பாய்.

"தங்கச்சிம்மா, இன்னிக்கி உன் ஊட்டுக்காரன் மவுத்தாயி திரும்பி வந்துட்டான்."

"இன்னாண்ணா சொல்றீங்க?"

"சாப்பாட்டு டைம்ல தோலு அடுக்கு மேல சாஞ்சிருக்கான். அப்டியே அமுக்கிடுச்சி. கண்ணு தொறந்து கீது, ஆளு அசையல. நான் அந்தாண்ட லாரிகிட்ட நிக்கறேன், எனக்குத் தெரியாது. பசங்க பாத்துட்டானுங்க. போய்ட்டான்னு கூச்சல்."

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சில வாரங்களுக்கு முன்தான் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒருவர் விஷக்காற்றில் சுருண்டு விழுந்திருந்தார். விழுந்து கிடப்பவனைப் பார்த்தால் செத்தவன் என்று நினைப்பதுதான் அந்த மாதத்தில் இயல்பாக இருந்தது.

"அப்ப பாரு, வெளிநாட்டுப் பார்ட்டி ஒருத்தன் வந்திருந்தான். ஹாங்காங். தோலு வாங்கற கம்பெனி ஆளு. சூப்பர்வைசரு அவன இட்டுக்கினு சுத்திக் காட்டினு வர்றாரு. கூட்டத்தப் பாத்து உள்ள பூந்தான். மூஞ்சில போட்டிருந்த கோணிய எடுத்துட்டுப் பாத்தான். கண்ணுக்குள்ள பாத்தான். ஒடனே சிரிக்கறான், தங்கச்சி! 'க்வாய் சாக், க்வாய் சாக்'னு சொல்லிச் சிரிக்கறான். அப்பறம் காதுகிட்ட குனிஞ்சி அவன் பாஷைல ஒரு கத்து கத்தினான் பாரு. இவன் எயுந்து உக்காந்துட்டான்."

"க்வாய் சாக்னா?"

"க்வாய்னா பேயாம். சாக்னா அமுக்கறதாம். சூப்பர்வைசருகிட்ட இங்கிலீஷ்ல சொன்னான். அங்கயும் கீதாம் இது. பேய் வந்து ஆளு மேல உக்காந்து நசுக்குமாம். தலகாணி அடியில கத்தரி வெப்பாங்களாம். அப்பறம்..." பாய் என்னைப் பார்த்துத் தயங்கினார். "கெட்ட வார்த்தை சொல்வாங்களாம். பச்சை பச்சையா. அதக் கேட்டா பேய் ஓடிடுமாம். இவன் காதுல கத்தினது அதானாம்."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "சீனாவுல பேய்க்குக் கூடவா மானம் கீது?"

"நம்மூருப் பேயின்னா திருப்பி நாலு சொல்லிட்டுத்தான் போவும்."

அந்த ஹாங்காங்காரர் பேசியது காண்டனீஸ் என்பது வெகுகாலம் கழித்து எனக்குத் தெரிந்தது. அப்போது எங்களுக்கு அது சீனப் பாஷை. அந்த ஆளை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் எங்கள் ஒற்றை அறைக்குள் கிடந்த ஒரு பயத்துக்குக் கடல் தாண்டிய ஒரு துறைமுகத்திலும் பெயர் இருக்கிறது என்பது என்னை ஆட்டிவைத்தது. அங்கேயும் ஒரு பெண் ஒரு பகலில் இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் பேசக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். க்வாய் சாக். நாக்கில் வைத்துப் பார்த்தேன். கல்லைக் கடித்தது போலிருந்தது.

பாய் போன பிறகுதான் நைனா வாய் திறந்தார்.

"கோணி போட்டானுங்கடி மூஞ்சில. தோலு கட்டின கோணி. அதுல இருந்த உப்பு கண்ணுல கொட்டிச்சி. மூட முடியல. எல்லாம் கேட்டுக்கினு கீறேன். பாவம் ஒத்தப் பொண்ண வெச்சிக்கினு போய்ட்டான்றான் ஒருத்தன். நாளைக்கி டிரம்முக்கு யாரு ஆளுன்றான் இன்னொருத்தன். கால் கட்டைவிரலு கட்டறதுக்கு நூலு கேக்கறான். நான் இங்கதான் கீறேன்னு கத்தறேன்."

அம்மா முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவர் கண்ணைத் துடைத்தாள்.

"அந்த சீனாக்காரன் இன்னிக்கி வந்தான். தெனம் வருவானா?" நைனா எங்கள் இருவரையும் பார்த்தார். "நான் போய்ட்டேன்னு யாரு சொன்னாலும், டாக்டரே சொன்னாலும், ஒடனே எடுத்துடாதீங்க. ஒரு நாள் வையுங்க. நல்லாத் தெரியட்டும். மண்ணப் போட்டப்பறம் முழிச்சிக்கினா நான் யாரக் கூப்பிடுவேன்?"

எங்கள் தெருவில் எரிப்பதில்லை. பாலாற்றுக் கரையில் புதைப்பதுதான்.

"வெளக்கு வெக்கற நேரத்துல இன்னா பேச்சு" என்றாள் அம்மா. அவர் விடவில்லை. சத்தியம் கேட்டார். அவள் அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். என்னையும் செய்யச் சொன்னார்.

"நாத்தம் வர்ற வரைக்கும் வையுங்க. அப்ப சந்தேகம் இருக்காது."

"உன்கிட்ட என்னிக்கி நாத்தம் வரல?" என்றாள் அம்மா. மூவரும் சிரித்தோம். அன்றைக்கு அது சிரிப்பு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. அமுக்குவான் வந்தால் கெட்ட வார்த்தை சொல்ல வேண்டும். அமுக்கப்பட்டவர் வாயைத் திறக்க முடியாது. அம்மாவோ சொல்ல மாட்டாள். புருஷனைப் பார்த்து அப்படிப் பேசிப் பழக்கமில்லை என்பாள், பேயைப் பார்த்துத்தானே என்றாலும் கேட்க மாட்டாள். ஆகவே அந்த வேலை எனக்கு வந்தது. அம்மா கட்டைவிரலை இழுப்பாள். நான் காதருகே திட்டுவேன்.

முதல் முறை, "சனியனே, எயுந்து போ" என்றேன். நைனா எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி சொன்னார்: "இதுக்கெல்லாம் அவன் போவ மாட்டான்டி. நான் உங்கம்மா இழுத்ததுல வந்தேன். சனியன்லாம் ஒரு திட்டா? கொழாயடில சண்டை பாத்ததே இல்லியா நீ?"

பார்த்திருக்கிறேன். கேட்டதை எல்லாம் சேர்த்துவைத்தேன். பேமானி, சோமாறி, கஸ்மாலம் என்று தொடங்கி, இங்கே எழுத முடியாதவை வரைக்கும். எங்கள் தெருவில் வயதுக்கு வந்த எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத உரிமை எனக்குக் கிடைத்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, பட்டப்பகலில், தாய் தகப்பன் முன்னால், அடிவயிற்றிலிருந்து திட்டலாம். திட்டத் திட்ட எனக்கு ஏதோ அவிழ்ந்தது. பள்ளிக்கூடத்தில், தெருவில், என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போகும் சைக்கிள்காரர்களிடம், வாய்க்குள் வைத்து விழுங்கிய எல்லாமும் அந்தக் கண்ணுக்குத் தெரியாதவன் மேல் விழுந்தது.

நைனாவுக்கு எல்லாம் கேட்கும் என்பதுதான் இதில் சங்கடம்.

"இன்னாடி அது, இன்னிக்கிப் புதுசா ஒண்ணு சொன்ன? யாரு கத்துக் குடுத்தது?"

"தண்ணி லாரிக்காரன்."

"நல்லா கீது. அவன் ஆடிப்போய்ட்டான்."

"நாளைக்கி மாமியா ஊட்ல போயி இதத்தான் பேசப் போறா" என்பாள் அம்மா.

"மாமியாளுக்கும் அமுக்குவான் வந்தா ஒதவும், வுடு." பிறகு என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார். "அங்க உள்ள ஒண்ணும் புடிக்கறதுக்கு இல்லடி. உன் கொரலு கேக்குது பாரு, கயிறு மாதிரி. அதப் புடிச்சிக்கினு வந்துடறேன்."

இப்போது எனக்கும் வருகிறது. நாற்பதைத் தாண்டிய பிறகு வரத் தொடங்கியது. டாக்டர்கள் அதற்கு விளக்கம் சொல்கிறார்கள்: மனம் விழித்துவிட்டது, உடம்பு இன்னும் விழிக்கவில்லை, அவ்வளவுதான், தூக்கம் கெட்டவர்களுக்கு வரும், பயப்படாதீர்கள். நம்புகிறேன். ஆனால் நெஞ்சில் அது ஏறும்போது விளக்கம் கூட வருவதில்லை. ஈரத் தோல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகிறது. நான் தோலைத் தொட்டு வேலை பார்த்தவளே இல்லை, ஆனாலும் அதன் குளிர்ச்சி தெரிகிறது. அப்பன் விட்டுப்போனது வேறு எதுவும் எனக்கு இவ்வளவு முழுசாக வந்துசேரவில்லை.

அவர் போனது ஒரு கோடையில். நான் பள்ளிக்கூடம் முடித்துப் பரீட்சை முடிவுக்காகக் காத்திருந்தேன். காலையில் ஷிப்ட் முடிந்து வந்தவர் களி வேண்டாமென்றார். நெஞ்செல்லாம் எரிகிறது, சோடா வாங்கி வா என்றார். வாங்கி வந்தேன். பாதி குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு படுத்தார். ஓடு கொதித்தது. அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் விசிறிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அந்த ஓசை வரவில்லை. ஒரு கட்டுக்கு நூல் கட்டி முடித்துவிட்டுத் தற்செயலாகத் திரும்பிய அம்மாதான் கண் பாதி திறந்திருப்பதைப் பார்த்தாள். அவள் அவசரப்படவில்லை. நானும் அவசரப்படவில்லை. எத்தனையோ பகல்களில் பார்த்த கண்தான். முறத்தை இறக்கிவைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், கட்டைவிரலை இழுத்தாள். நான் என் இடத்துக்குப் போய்க் குனிந்து வழக்கமானவற்றைச் சொன்னேன். வரவில்லை. இன்றைக்குப் பிடி பலமாக இருக்கிறது என்றாள் அம்மா. மறுபடி இழுத்தாள். விரல் சூடாகத்தான் இருந்தது. அந்த வெயிலில் சுவரும் சூடாகத்தான் இருந்தது. நான் குரலை உயர்த்தினேன். அவர் முன்னால் அதுவரை சொல்லாத வார்த்தைகளுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அவர் முகத்தைப் பார்த்து, "ஐயோ" என்று அலறும்வரை நாங்கள் இரண்டு பேரும் அமுக்குவானோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், கண்ணில் டார்ச் அடித்தார். "ஹார்ட்டும்மா. உயிர் போயிடுச்சு."

"தெனமும் இப்படித்தான் சார் இருப்பாரு" என்றேன். "கொஞ்ச நேரத்துல வந்துடுவாரு."

அவர் என்னைப் பார்க்காமல் வாசலில் நின்ற ஆண்களிடம் சொன்னார்: "இருட்டறதுக்குள்ள எடுத்துடுங்க. வெயில் ஜாஸ்தி."

குடியாத்தத்திலிருந்து நைனாவின் அண்ணன், என் பெரியப்பா, வந்து இறங்கும்போதே எல்லாம் ஏற்பாடாகிவிட்டிருந்தது. பறை அடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். ஆற்றங்கரையில் குழி தோண்ட ஆள் போயிருந்தது. ஒருவர் வெள்ளைத் துணியைக் கிழித்து நாடாவாக்கிக்கொண்டு கால்மாட்டுக்கு வந்தார். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டுவது முறை. நான் இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்துவைத்து அணைத்துக்கொண்டேன். கட்டிவிட்டால் பிறகு எப்படி இழுப்பது? இந்த ஒரு எண்ணம்தான் என் தலைக்குள் இருந்தது.

"நாளைக்கித்தான்" என்றாள் அம்மா.

"இன்னா நாளைக்கி? யாரு வரணும்? வர வேண்டியவன் நான் வந்துட்டேன்" என்றார் பெரியப்பா.

"அவரு சொன்னது. ஒரு நாள் வெக்கணும். சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்."

"டாக்டரு சொல்லிட்டாரும்மா. புத்தி கெட்டுப் போச்சா?"

"டாக்டரு சொன்னாலும்னுதான் அவரு சொன்னாரு."

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். ஐஸ் பாளம் வாங்கி வரட்டுமா என்று யாரோ கேட்டார்கள். அம்மா அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. உப்பும் குளிரும் செத்ததை உயிரோடு இருப்பதுபோல் காட்டும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். அதற்கு நடுவில் நான் குனிந்து குனிந்து நைனாவின் காதில் திட்டிக்கொண்டிருந்தேன். பேமானி. எயுந்து போடா. என் நைனாவ வுட்டுட்டுப் போடா. ஒருத்தி என் வாயைப் பொத்தினாள். செத்த அப்பனைத் திட்டுகிற பெண்ணை அந்தத் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை. "அது அப்பன வுட்டுட்டுப் பொண்ணு மேல ஏறிக்கிச்சி" என்று யாரோ சொன்னது கேட்டது. நான் நிறுத்தவில்லை. கயிறு என்று சொன்னாரே. கயிற்றை நான் எப்படி விடுவேன்?

அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விடிந்தது.

விடிந்ததும் குழி தோண்டியவர்கள் வந்து சொன்னார்கள்: குழிக்குள் தண்ணீர் ஊறுகிறது. இரவெல்லாம் ஊறிவிட்டது. நல்ல தண்ணீர் அல்ல, டேனரித் தண்ணீர், காப்பி நிறத்தில். இறைத்துக்கொண்டிருக்கிறார்கள்; இன்னும் தாமதித்தால் வேறு இடத்தில் தோண்ட வேண்டியிருக்கும். பெரியப்பா என்முன் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அப்போது அவர் கோபமாக இல்லை.

"அம்மாடி, உங்கம்மாவ நான் சமாதானம் பண்ணிட்டேன். நீ கால வுடு. வாசன வருது பாரு."

வந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கை மூடியிருந்தார்கள். எனக்கும் தெரிந்தது. ஆனால் என் நைனா வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வருகிற வாசனை அதிலிருந்து எத்தனை தூரம்? சுண்ணாம்பில் ஊறிய மயிர், கொழுப்பு, பச்சைத் தோல். அந்த வாசனையில்தான் நான் பிறந்தேன். அதில்தான் அவர் மடியில் தூங்கினேன். தோல் ஊரில் நாற்றத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

"நைனா எப்பவுமே இப்படித்தான் பெரியப்பா மணப்பாரு" என்றேன். அவர் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

பாய் முந்தைய நாளிலிருந்து எதிர்ப்புறம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் வழக்கத்தில் மய்யத்தை, இறந்த உடலை, காக்கவைப்பது பாவம். ஆனாலும் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியப்பா போய் அவரிடம் ஏதோ பேசியிருக்க வேண்டும். உள்ளே வந்தார். ஆண்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார்.

"பேட்டி, என் வேலை இன்னான்னு உனக்குத் தெரியும்தானே?" பேட்டி என்றால் அவர் பாஷையில் மகள்.

தெரியும். லாரியிலிருந்து இறங்கும் தோலில் எது நல்லது எது கெட்டது என்று அவர் மூக்கால் பார்ப்பதில்லை. அங்கே எல்லாமே நாறும். ரோமத்தில் ஒரு சிட்டிகை எடுத்து விரலால் மெல்ல இழுப்பார். அது தோலைவிட்டு வர மறுத்தால் தோல் இன்னும் கெட்டுப்போகவில்லை. இழுத்த இழுப்புக்கு வேரோடு கழன்று வந்தால் உள்ளே அழுகிவிட்டது. அந்தத் தோலைத் தூக்கித் தனியே எறிவார். கொண்டுவந்த வியாபாரி எவ்வளவு கத்தினாலும் அதற்குமேல் பேச்சில்லை. நைனா என்னை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். "பாரு, தோளு அசையுதா? விரலு மட்டும்தான் இழுக்கும். அதுக்கு மேல இழுத்தா நல்ல தோல்ல இருந்துகூட முடி வரும், அது பொய்" என்று.

"நான் பாத்துச் சொல்றேன். நீ கேப்பியா?"

நான் தலையாட்டினேன்.

"தோஸ்த், மாஃப் கரோ" என்று அவர் நைனாவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் தலைமாட்டில் மண்டியிட்டார். இடது கையை நைனாவின் நெற்றியில் வைத்தார். வலது கை முடிக்குப் போனது. நான் பாதங்களைப் பிடித்தபடி அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இழுப்பில் அவர் கை மட்டும் அசைந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு இன்னொரு முறை. அப்போது அவருடைய வலது தோள் அசைந்தது. நன்றாகவே அசைந்தது, சட்டை முதுகில் இழுபட்டு மடிந்தது.

திரும்பினார். வலது கை மூடியிருந்தது. அவர் கண்களில் தண்ணீர் ஓடியது.

"கழண்டுடுச்சி பேட்டி" என்றார். "அவன் இல்ல. போய்ட்டான். நிச்சயமா போய்ட்டான்."

நைனா இறந்துபோயிருந்தார். முந்தைய பகலிலேயே, நான் விசிறிக்கொண்டிருக்கும்போதே போயிருந்தார். இன்று எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அன்று பாய்க்கும் இருந்திருக்காது. ஆனால் முதல் இழுப்பில் அவருடைய விரல் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வியாபாரிகள் கத்தியும் அழுதும் ஒரு முறைகூட மாற்றாத தீர்ப்பை, அந்த மனிதர் ஒரு பெண்ணின் மடியிலிருந்து இரண்டு பாதங்களை விடுவிப்பதற்காக மாற்றிக்கொண்டிருந்தார்.

கையைத் திறந்து காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. மடியிலிருந்து பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். வெள்ளைத் துணியோடு நின்றவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, சுவரோடு ஒட்டி, அவர்களுக்கு வழிவிட்டேன்.